நேரம் எங்கே போகிறது? போனையே கேளுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம், வேலை, பஸ் பயணம், சமையல் எல்லாம் கழித்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும், ஆனால் அம்மாவிடம் பேச, நடக்கப் போக மட்டும் எப்போதும் நேரம் இருக்காது. சரி, ஒன்று செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் போனது, நாளுக்கு எத்தனை தடவை போனைத் திறந்தீர்கள் என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். ஒரு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், முழு வாரத்தையும் பாருங்கள்.

பட்டியலில் முதலில் நிற்கும் ஆப்புக்கு மட்டும் தினசரி வரம்பு வையுங்கள். இப்போது இரண்டு மணி நேரம் போகிறது என்றால் ஒன்றரை போதும், எடுத்த எடுப்பில் பத்து நிமிடம் என்று வைத்தால் இரண்டொரு நாளில் நீங்களே அதைத் தூக்கிவிடுவீர்கள் (தூக்குவதும் ரொம்பச் சுலபம்). மிச்சமான அரை மணியைச் சும்மா விட்டால் வேறொரு ஆப் வந்து பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த நேரத்துக்கே நடையோ ஊருக்கு ஒரு போனோ, காலண்டரில் நினைவூட்டல் போட்டுவிடுங்கள். அப்புறம், அலுவலக வேலையே வாட்ஸ்அப்பில்தான் என்கிறவர்கள் அதற்கு வரம்பு வைக்க வேண்டாம், வீண் எரிச்சல்.