கம்போடியாவில் குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும் போகாதீர்கள்

சென்ற மாதம், அங்கோர் வாட் கோயிலுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஒரு ஓட்டல் வாசலில் நம் ஊர்க் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். துக்துக் வண்டியில் இரண்டு பெட்டி பிஸ்கட், ஒரு கட்டு நோட்டு, மடியில் கேக். பையனுக்குப் பிறந்தநாளாம், இல்லத்துக் குழந்தைகளோடு வெட்டப் போகிறார்களாம். நானும் ஒரு காலத்தில் இப்படியேதான் போனேன். முடிந்தவரை எடுத்துச் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை. கோயிலுக்கு என்ன உடுத்துவது, பணத்தை எங்கே மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் நான் போகவில்லை.

இல்லத்துக்குப் போவது

பிறந்தநாள், திதி என்றால் பக்கத்து இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் நாம். அதே மனசோடு அங்கேயும் போய்விடுகிறோம். 2013ல் நான் அழைத்துப்போன குழுவில் 11 பேர். இடம் காட்டியவர் வண்டிக்காரர். குழந்தைகள் வரிசையாக நின்று பாடினார்கள். பாட்டு முடிந்ததும் ஆறேழு வயதுப் பெண் ஒருத்தி நேராக வந்து என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். எங்களோடு வந்த ஒரு அக்கா அழுதேவிட்டார். 200 டாலர் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அந்தப் பெண்ணுக்கு யாருமே இல்லையா என்று திரும்பும் வழியில் வண்டிக்காரரிடம் கேட்டேன். அம்மா இருக்கிறாரே, எங்கள் பக்கத்து ஊர்தான், நடவுக்குப் போகிறவர், இங்கிலீஷ் சொல்லித்தருகிறோம் என்று ஆள் வந்து கேட்டார்கள், அனுப்பிவிட்டார் என்றார், ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல.

ஊருக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னதன் கனம் தெரிந்தது. கம்போடிய அரசும் யுனிசெஃபும் 2011ல் வெளியிட்ட ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சி 1979லேயே முடிந்துவிட்டது, அது அனாதையாக்கிய பிள்ளைகள் என்று சொல்ல முடியாது. இல்லங்களோ 2005க்கும் 2010க்கும் இடையில் 75 சதவீதம் பெருகின. வருகிறவர்கள் பணம் கொடுக்கிறார்கள், அதனால் இல்லம் முளைக்கிறது, அதை நிரப்ப ஏழை வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். அந்த 200 டாலரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதற்கு நாங்கள் கொடுத்த கூலி அது.

மடியில் வந்து உட்கார்ந்ததைப் பாசம் என்று நினைத்தோம். நம் வீட்டுப் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் முதலில் அம்மா முந்தானைக்குப் பின்னால்தானே ஒளியும்? வளர்க்கும் கை மாறிக்கொண்டே இருக்கிற குழந்தைதான் முன்பின் தெரியாதவர் மடியில் ஏறும்.

நாம் கொடுக்காவிட்டால் அவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துக் காப்பாற்றுகிற செலவைவிட, அதன் குடும்பத்துக்குக் கைகொடுத்து வீட்டிலேயே வளரவிடுகிற செலவு குறைவு. அப்புறம், உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்குள் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேக்கோடு வந்து நின்றால் வாட்ச்மேன் உள்ளே விடுவாரா? பொறுப்பாக நடத்துகிற இடம் எதுவும் வழிப்போக்கரை உள்ளே விடாது. விடுகிறார்கள் என்றாலே சந்தேகப்படுங்கள். இரண்டு வாரம் இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறேன் என்று கிளம்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதேதான்.

மிதக்கும் கிராமத்தில் அரிசி மூட்டை

தோன்லே சாப் ஏரியில் படகை நடுவில் நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று மூட்டை வாங்கச் சொல்வார்கள். சந்தை விலையைப்போலப் பல மடங்கு கேட்பார்கள். வாங்காதீர்கள்.

கோயில் வாசலில் "ஒன் டாலர்"

போஸ்ட் கார்டு விற்கிற சிறுமி நாலு மொழியில் எண்ணிக் காட்டுவாள். வாங்க வாங்க அவள் பள்ளிக்கூடம் தள்ளிப்போகும். பிள்ளைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுக்காதீர்கள் என்று அங்கோர் கோயில்களின் நிர்வாகமே 2015ல் போட்ட நடத்தை விதிகளில் இருக்கிறது. தாகமெடுத்தால் பெரியவர்கள் நடத்தும் கடையில் ஒரு இளநீர் குடியுங்கள்.

"எங்கள் சோழன் கட்டியது"

இல்லை. அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் கம்போடியாவின் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் கட்டியது. அந்த நாட்டுக் கொடியிலேயே இருக்கிற கோயில். வழிகாட்டியிடம் நம்மவர்கள் வாட்ஸ்அப் கதையைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்குவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

சிற்பத்தைத் தடவுவது

அப்சரஸ் மார்பு அப்படிக் கறுத்துப் பளபளப்பது கை பட்டுப் பட்டுத்தான்.

யானைச் சவாரி

அங்கோரில் 2020லேயே நின்றுவிட்டது. வேறெங்கே கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

சரி, எங்கேதான் கொடுப்பது?

சியெம் ரீப்பில் காந்தா போஃபா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, சிகிச்சை முழுக்க இலவசம். அதை நடத்திவந்த சுவிஸ் மருத்துவர் பேயட் ரிக்னர் 2018ல் காலமானார். சனிக்கிழமை இரவுகளில் சுற்றுலாப் பயணிகளுக்குச் செல்லோ வாசித்துவிட்டு, பெரியவர்களிடம் பணமும் இளைஞர்களிடம் ரத்தமும் கேட்பார். 37 டாலர் அங்கோர் நுழைவுச் சீட்டிலிருந்து 2 டாலர் அந்த மருத்துவமனைக்குப் போகிறது. ரத்தம் நாமாகத்தான் கொடுக்க வேண்டும். போன முறை எங்கள் குழுவில் நான்கு பேர் கொடுத்தோம். காலை டிபனை முடித்துக்கொண்டு, கையில் பாஸ்போர்ட்டோடு போங்கள்.