ஜப்பானிய உச்சரிப்புக்கு போனே போதும்

ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறீர்களா? மாணவரின் போனில் உள்ள வாய்ஸ் டைப்பிங்கை ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். ஜிபோர்டு கீபோர்டின் செட்டிங்ஸில் ஜாப்பனீஸைச் சேர்த்துவிட்டு, மைக்கை அழுத்திப் பேசச் சொன்னால் போதும். சொன்னது சரியா தப்பா என்பது எழுத்தாகவே வந்து நிற்கும்.

குறில் நெடிலில் நமக்குச் சிக்கல் இல்லை. 'ஒபஸன்' என்றால் அத்தை, 'ஒபாஸன்' என்றால் பாட்டி. இதைத் தமிழ் மாணவர்கள் முதல் நாளே பிடித்துக்கொள்வார்கள். தடுக்கி விழுவது வல்லினத்தில்தான். சொல்லின் நடுவே ஒற்றை 'த' வந்தால் நாம் மென்மையாகச் சொல்லியே பழக்கம். அழுத்திச் சொல்லப் போனால் தானாக இரட்டித்துவிடும். 'கிதே குதசாய்' என்றால் 'வாருங்கள்'. 'கிதே'யில் உள்ள 'த' ஒற்றையாகவும் வன்மையாகவும் வர வேண்டும். 'கித்தே' என்று இரட்டித்தால் 'வெட்டுங்கள்' ஆகிவிடும்! வாங்க என்று கூப்பிட்டவர் திரையில் வெட்டு என்ற பொருள் தரும் கான்ஜியை (சீன எழுத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) பார்த்துச் சிரிப்பார். அப்புறம் அந்தத் தப்பு வரவே வராது. நான் பத்து முறை திருத்தியும் நடக்காதது இது.

ஒன்று மட்டும் கவனம். நீளமான வாக்கியம் சொன்னால், போன் முன்பின் பார்த்துத் தானே ஊகித்துச் சரியாக எழுதிவிடும். மாணவரின் பிழை மறைந்துபோகும். அதனால் இப்படி இரண்டு விதமாகவும் பொருள் தரும் சின்னச் சின்னத் தொடர்களையே கொடுங்கள். வகுப்பில் இரைச்சல் இருந்தால் வீட்டுப்பாடமாகக் கொடுத்து, ஸ்கிரீன்ஷாட் வாங்கிக்கொள்ளலாம்.