ஸ்டார்லிங்க்குக்கு சொந்த ரவுட்டர் போடேக்க விடுற பிழைகள்

2025 ஜூலையில, சாட்டிலைட்டால இன்டர்நெட் தாற ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தாப்பிறகு கனபேர் கேக்கிறது, வீட்டில இருக்கிற நல்ல ரவுட்டரை இதுக்குப் போடலாமோ எண்டுதான். போடலாம், வடிவா வேலை செய்யும். ஆனா சில ஆக்கள் டிஷ்ஷில இருந்து வாற கேபிளைக் கழட்டி நேரா தங்கட ரவுட்டரில கொழுவிப்போட்டு லைட் எரியேல்ல எண்டு தவிக்கினம், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதேங்கோ. ஸ்டாண்டர்ட் கிட்டில டிஷ்ஷுக்குக் கரண்ட் போறதே அந்தக் கேபிளாலதான், அதைக் குடுக்கிறது ஸ்டார்லிங்க்கின்ர ரவுட்டர் பெட்டி. அந்தப் பெட்டி அங்கயே இருக்கோணும். அதின்ர லேன் போர்ட்டில இருந்து ஒரு வயரை உங்கட ரவுட்டரின்ர இன்டர்நெட் போர்ட்டுக்குக் குடுங்கோ. ஜென் 3 (மூண்டாம் தலைமுறைக் கிட்) எண்டா ரெண்டு லேன் போர்ட் இருக்கு, ஜென் 2வில ஒண்டுமே இல்லை, ஈதர்நெட் அடாப்டர் தனியா வாங்கோணும்.

அடுத்தது பைபாஸ் மோட், அதாவது ஸ்டார்லிங்க் பெட்டியின்ர ரவுட்டர் வேலையை நிப்பாட்டுற செட்டிங். இதைப் போடாமல் விட்டா ரெண்டு ரவுட்டரும் ஒரே வேலையைச் செய்யும், டபுள் நேட் வரும், அதாவது அட்ரஸ் மாத்துற வேலை ரெண்டுதரம் நடக்கும், கேம் விளையாடுற பிள்ளையள்தான் முதல்ல கத்துவினம். ரெண்டும் 192.168.1.1 எண்ட அட்ரஸில நிண்டா இன்டர்நெட்டே வராமலும் போகலாம். ஆனா பைபாஸ் போட்ட உடன ஸ்டார்லிங்க்கின்ர வைஃபை நிண்டிடும், வைஃபையைத் தூரத்துக்குக் கொண்டுபோற அதின்ர மெஷ் பெட்டியளும் வேலை செய்யாது, திருப்பி எடுக்க ஃபேக்டரி ரீசெட்தான் வழி. அதால முதல்ல உங்கட ரவுட்டரை முழுசா செட் பண்ணிப்போட்டு, பிறகு ஸ்டார்லிங்க் ஆப்பில போய்ப் பைபாஸைப் போடுங்கோ. ஃபைபரில பழகின ஆக்கள் யூசர்நேம் பாஸ்வேர்ட் தேடுவினம், இங்க அது தேவையில்லை, டிஎச்சிபி (அட்ரஸ் தானா வாற முறை) எண்டு விட்டாக் காணும். உங்கட வீட்டு நெட்வொர்க்குக்கு 192.168.100 எண்டு தொடங்கிற அட்ரஸ் வைக்காதேங்கோ, டிஷ் 192.168.100.1இல இருக்கு, மோதினா ஆப்புக்கு டிஷ்ஷைப் பிடிக்க ஏலாமல் போயிடும்.

எனக்கு உண்மையா மனவருத்தம் தாறது சிசிடிவி விசயம். கனடாவில இருக்கிற பிள்ளையள் அம்மா அப்பாவின்ர வீட்டைப் பாக்கவெண்டு காசு அனுப்பி விலைகூடின ரவுட்டர் வாங்குவிச்சு, போர்ட் ஃபார்வர்ட் (வெளியில இருந்து கேமராவுக்கு வழி திறக்கிறது) பண்ணி நாள் கணக்கா மினக்கெடுகினம். சாதாரண வீட்டு பிளானில சிஜிநேட்தான், அதாவது ஒரு பப்ளிக் ஐபியைக் கனபேர் பங்குபோடுகினம், அந்த ஐபியால வெளியில இருந்து ஆரும் உள்ள வர ஏலாது. எந்த ரவுட்டர் வாங்கினாலும் இது மாறாது. கேமராவின்ர கிளவுட் ஆப், இல்லாட்டி டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் பாவியுங்கோ.

அடிக்கடி கட் ஆகுது எண்டதுக்காகவும் ரவுட்டர் மாத்தாதேங்கோ. ஒரு லேப்டாப்பை வயரில கொழுவிப் பாருங்கோ. அதிலயும் கட் ஆகுதெண்டா வைஃபையில பிழை இல்லை, ஆப்பில வானத்தை எது மறைக்குது எண்டு காட்டுற ஒப்ஸ்ட்ரக்‌ஷன் படத்தைத் திறந்து பாருங்கோ, சாட்டிலைட்டுகள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில ஓடிக்கொண்டே இருக்கிறதால ஒரு தென்னையின்ர வட்டு குறுக்க நிண்டாலே சாட்டிலைட் அதுக்குப் பின்னால போற நேரமெல்லாம் லைன் விழும். டிஷ்ஷைக் கூரை மாதிரி வானம் மறையாத இடத்துக்கு மாத்தினாத்தான் சரிவரும்.