மீடியா சர்வரில் படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு மீடியா சர்வரில் படம் நின்று நின்று ஓட ஆரம்பித்தால், காரணத்தைப் பார்க்கும் முன்பே ரவுட்டரை மாற்றுவது, இன்டர்நெட் பிளானை உயர்த்துவது, புது டிவி பாக்ஸ் வாங்குவது என்று இறங்கிவிடுகிறோம். பெரும்பாலும் காசுதான் போகும், திக்கல் போகாது. ஒரு வீடியோ ஃபைல் திரைக்கு வந்து சேர நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும்: ஹார்டு டிஸ்க், சர்வரின் பிராசசர், நெட்வொர்க், டிவி பக்கத்து பிளேயர். இதில் எது திணறுகிறது என்று தெரியாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டு மாற்றம்தான். தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

டாஷ்போர்டைத் திறக்காமலே முடிவுக்கு வருவது

இதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கெல்லாம் வழிவிடுவதும் இதுதான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு போனிலோ லேப்டாப்பிலோ உங்கள் சர்வர் மென்பொருளான பிளெக்ஸ் அல்லது ஜெல்லிஃபினின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். அந்த நேரத்தில் ஓடும் படத்துக்குப் பக்கத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். டைரக்ட் பிளே என்றால் ஃபைல் அப்படியே போகிறது, சர்வருக்கு வேலையே இல்லை. டைரக்ட் ஸ்ட்ரீம் அல்லது ரீமக்ஸ் என்றால் எம்கேவி, எம்பி4 போன்ற வெளிக்கூடு மாறுகிறது, சில நேரம் ஒலியும் மாறலாம், உள்ளே இருக்கும் வீடியோ தொடப்படவில்லை. இதுவும் லேசான வேலைதான். டிரான்ஸ்கோட், அதாவது வீடியோவையோ ஒலியையோ வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதுவது, என்று இருந்தால்தான் கவனம் தேவை. அதிலும் ஆடியோ மட்டும் டிரான்ஸ்கோட் ஆகிறதா, வீடியோவும் ஆகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். டிடிஎஸ் ஒலியை ஏற்காத டிவிகள் நிறைய. அவற்றுக்காக ஒலியை மட்டும் மாற்றுவது பழைய பிராசசருக்குக்கூடப் பாரமில்லை. வீடியோவை மாற்றுவதுதான் ஆளை அடிக்கும்.

ஜெல்லிஃபின் இன்னொரு உதவியும் செய்கிறது. டிரான்ஸ்கோட் ஆனால் ஏன் ஆகிறது என்ற காரணத்தையும் அங்கேயே காட்டும்: பிளேயருக்கு இந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) தெரியாது, சப்டைட்டில் வகை ஒத்துவரவில்லை, பிட்ரேட் (விநாடிக்கு ஓடும் தரவின் அளவு) வரம்பைத் தாண்டுகிறது என்பது போல. வீடியோவை மாற்றும் வேலையைச் செய்யும் எஃப்எஃப்எம்பெக்கின் லாகை (பதிவேட்டை) அதில் திறந்தால் கடைசி வரிகளில் ஸ்பீட் என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். அது 1-க்கு மேல் இருந்தால் படம் ஓடும் வேகத்தைவிட வேகமாக சர்வர் மாற்றித் தருகிறது. 0.7 என்று இருந்தால், ஒரு நிமிடப் படத்தைத் தயார் செய்ய சர்வருக்கு ஏறத்தாழ 86 விநாடி ஆகிறது. அந்தப் படம் நிற்காமல் ஓட வாய்ப்பே இல்லை, நெட்வொர்க்கை எவ்வளவு வேகமாக்கினாலும் சரி.

டைரக்ட் பிளேயில் ஓடியும் திக்கினால் பிராசசரை விட்டுவிடுங்கள். குறை நெட்வொர்க்கிலோ பிளேயரிலோ டிஸ்கிலோதான்.

சப்டைட்டில் ஒரு பாரமா என்று விட்டுவிடுவது

சில கிலோபைட் எழுத்து என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 4கே படம் சப்டைட்டிலைப் போட்டதும் நிற்க ஆரம்பித்தால், சந்தேகப்பட வேண்டியது அந்த சப்டைட்டிலைத்தான். எஸ்ஆர்டி என்பது வெறும் எழுத்து. சர்வர் அதைத் தனியாக அனுப்பிவிடும், பிளேயர் படத்தின் மேல் எழுதிக்கொள்ளும். புளூரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் அப்படியல்ல, ஒவ்வொரு வசனமும் ஒரு படம். டிவிடியிலிருந்து வரும் வாப்சப்பும் அதே ரகம். இவற்றைக் காட்டத் தெரியாத பிளேயருக்காக சர்வர் அந்த எழுத்துப் படத்தை வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் பதித்து, முழு வீடியோவையும் புதிதாக என்கோட் செய்து அனுப்புகிறது. அனிமே ஃபைல்களில் வரும் ஏஎஸ்எஸ் சப்டைட்டில்களும், எழுத்துரு அலங்காரத்தைக் காப்பாற்றுவதற்காக, பல பிளேயர்களில் இதே கதிக்கு ஆளாகின்றன.

சோதிப்பது எளிது. சப்டைட்டிலை அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓட்டுங்கள். டாஷ்போர்டில் டிரான்ஸ்கோட் போய் டைரக்ட் பிளே வந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அந்தப் படத்துக்கு எஸ்ஆர்டி ஒன்றைத் தேடி, படத்தின் ஃபைல் பெயரையே அதற்கும் வைத்து, கடைசியில் மொழிக் குறியீட்டைச் சேர்த்து அதே ஃபோல்டரில் போடுங்கள். லைப்ரரியை ஒருமுறை ஸ்கேன் செய்தால் பட்டியலில் வந்துவிடும். பிளேயர் தானாக பிஜிஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிறதா என்று பிறகும் ஒரு கண் வைத்திருங்கள். ஃபைலுக்குள் கட்டாய சப்டைட்டில் என்று குறிக்கப்பட்டிருந்தால் நீங்கள் கேட்காமலே அது ஓடும்.

பிளேயரின் தர அமைப்பை அப்படியே விடுவது

சில செயலிகள் நிறுவியவுடன் ஒரு பிட்ரேட் வரம்போடு வரும், அல்லது தரத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்போடு வரும். வரம்பு 8 எம்பிபிஎஸ், படம் 30 எம்பிபிஎஸ் என்றால், டிவிக்கு அந்தப் படத்தை நேராக ஓட்டத் தெரிந்திருந்தாலும் சர்வர் டிரான்ஸ்கோட் செய்தே தீரும். செயலியின் பிளேபேக் அமைப்பில் வீட்டுக்குள் ஓடும் வீடியோவுக்கு ஒரிஜினல் அல்லது மேக்சிமம் என்று வையுங்கள். ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு போனிலும் தனித்தனியாக மாற்ற வேண்டிய அமைப்பு இது. சர்வரில் மாற்றினால் போதும் என்று நினைப்பதே ஒரு தவறு.

பிரவுசரில் ஓட்டிப் பார்த்துவிட்டு சர்வரைக் குறைசொல்வதும் இதன் உறவுதான். எம்கேவி கூட்டில் இருக்கும் எச்.265 வீடியோவும் டிடிஎஸ் ஒலியும் பிரவுசருக்கு ஒத்துவராத கூட்டணி. டிவி செயலியில் டைரக்ட் பிளே ஆகும் அதே ஃபைல் பிரவுசரில் டிரான்ஸ்கோட் ஆகும். சோதனையைப் படம் பார்க்கும் கருவியிலேயே செய்யுங்கள்.

ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் ஓடுகிறது என்று நம்பிவிடுவது

ஹார்டுவேர் டிரான்ஸ்கோடிங் என்பது வீடியோவை மாற்றும் வேலையைப் பிராசசருக்குப் பதில் கிராபிக்ஸ் சிப்பிடம் விடுவது. அமைப்பில் டிக் போட்டதால் மட்டும் அது ஓடிவிடாது. மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் சர்வரை வைத்திருப்பவர்கள் கிராபிக்ஸ் கருவியை, அதாவது லினக்ஸில் டிஆர்ஐ என்ற ஃபோல்டரில் இருப்பதை, கன்டெய்னருக்குள் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தாலும் சர்வர் ஓடும் பயனரை ரெண்டர் குழுவில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அப்போது பிளெக்ஸ் சத்தமில்லாமல் பிராசசரை வைத்தே வேலையைச் செய்யும், ஜெல்லிஃபின் பெரும்பாலும் பிழை காட்டி நிற்கும். பிளெக்ஸில் இந்த வசதிக்கு பிளெக்ஸ் பாஸ் சந்தாவும் வேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம். ஓடுகிறதா என்று உறுதி செய்ய, பிளெக்ஸ் டாஷ்போர்டில் வீடியோ வரியின் பக்கத்தில் எச்டபிள்யூ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிராசசர் தனியாகத்தான் சுமக்கிறது.

சுமை எவ்வளவு என்பதற்குப் பிளெக்ஸ் தரும் தோராயக் கணக்கு உதவும். ஹார்டுவேர் உதவி இல்லாமல் 10 எம்பிபிஎஸ் 1080பி படம் ஒன்றை மாற்ற, பிராசசரின் திறனை அளக்கும் பாஸ்மார்க் மதிப்பெண் 2000 போதும். 50 எம்பிபிஎஸ் 4கே எச்டிஆர் படத்தை 1080பி-க்கு இறக்க 17000 வேண்டும். அதே வேலையை இன்டெல் குயிக் சிங்க் (வீடியோவை மாற்றுவதற்கென்றே சிப்பில் உள்ள வசதி) உள்ள சாதாரண மினி பிசி சுலபமாக முடித்துவிடும். ஆனால் தலைமுறை முக்கியம். 10-பிட் எச்.265 வீடியோவை முழுமையாக ஹார்டுவேரிலேயே திறப்பது இன்டெலின் 7-ஆம் தலைமுறையிலிருந்துதான். ஏவி1 என்ற புதிய கோடெக்கைத் திறக்க 11-ஆம் தலைமுறையாவது வேண்டும். ராஸ்பெர்ரி பை 5-இல் எச்.264 என்கோடரே கிடையாது. டைரக்ட் பிளேக்கு அது போதும், டிரான்ஸ்கோடிங்கை அதன் தலையில் கட்டாதீர்கள்.

ஸ்பீட் டெஸ்ட் எண்ணை வைத்து வீட்டு நெட்வொர்க்கை எடைபோடுவது

ஸ்பீட் டெஸ்ட் அளப்பது உங்கள் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவில் இருக்கும் வேகத்தை. சர்வரிலிருந்து டிவிக்குப் போகும் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. இன்டர்நெட் 40 எம்பிபிஎஸ் என்றாலும் 4கே ரீமக்ஸ் (புளூரேயிலிருந்து தரம் குறைக்காமல் எடுத்த ஃபைல்) சிக்கலின்றி ஓடும், 500 எம்பிபிஎஸ் என்றாலும் திக்கும்.

முதலில் படத்துக்கு என்ன வேகம் தேவை என்று கணக்குப் போடுங்கள். 60 ஜிபி ஃபைல், 2 மணி நேரப் படம் என்றால், 60-ஐ 8000-ஆல் பெருக்கி 7200 விநாடியால் வகுத்தால் சராசரி 67 எம்பிபிஎஸ் வரும். இது சராசரிதான். மழை, புகை, கூட்டம் நிறைந்த காட்சிகளில் 100-ஐத் தாண்டும். 4கே புளூரே டிஸ்கின் உச்ச வரம்பே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல்தான். இப்போது டிவியின் பின்பக்கம் பாருங்கள். விலை உயர்ந்த டிவிகளில்கூட ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸாகவே இருப்பது சகஜம், அதில் கைக்கு வருவது 94 அளவில்தான். படம் முக்கால்வாசி நேரம் நன்றாக ஓடி, சண்டைக் காட்சியில் மட்டும் நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேபிள்தான் எப்போதும் சிறந்தது என்ற பொது விதி இங்கே செல்லாது. அதே டிவியின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரவுட்டர் அதே அறையில் இருந்தால், 200-க்கு மேல் தரக்கூடும். இல்லையென்றால் கிகாபிட் போர்ட் உள்ள தனி பிளேயரை மாட்டுங்கள்.

போர்ட் கிகாபிட்டாக இருந்தும் வேகம் 94-இலேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். கிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். கதவிடுக்கில் நசுங்கியோ, கிரிம்ப் (முனையில் பிளக்கைப் பொருத்துவது) சரியாக விழாமலோ மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது, பேசாமல் 100-க்கு இறங்கிவிடும். ரவுட்டரின் போர்ட் பட்டியலில் இணைப்பு வேகம் 1000 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்றால் வேறு கேட்5இ கேபிளை மாட்டினாலே பல வீடுகளில் வேலை முடிந்துவிடும்.

உண்மையான வேகத்தை அளக்க ஐபெர்ஃப்3 என்ற சின்னக் கருவி போதும். சர்வரில் அதைக் காத்திருக்கும் நிலையில் வைத்து, டிவிக்குப் பக்கத்தில் லேப்டாப்பிலிருந்து ரிவர்ஸ் முறையில் ஓட்டுங்கள், ஏனென்றால் படம் வருவது அந்தத் திசையில்தான். 10 விநாடி ஓட்டிவிட்டு நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு விநாடியின் வரியையும் பாருங்கள். சராசரி 150 வந்தாலும் நடுநடுவே 10-க்கு விழுந்து எழுந்தால் அந்தப் பள்ளங்களில்தான் படம் நிற்கிறது. வைஃபையில் இது அதிகம். சர்வரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே அலைவரிசையில் ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை பயணிக்கிறது. இரண்டில் ஒன்றையாவது கேபிளில் போடுவதென்றால் சர்வரைப் போடுங்கள். கேபிள் இல்லாமல் ஒன்றோடொன்று பேசும் மெஷ் பெட்டிகளிலும் இதே இழப்பு உண்டு.

வீட்டுக்குள் இருக்கும் டிவியை வெளியூர் டிவியாக சர்வர் நினைப்பது

டாஷ்போர்டில் உங்கள் ஹால் டிவி ‘ரிமோட்’, அதாவது வெளியிலிருந்து இணைந்தது, என்று காட்டப்பட்டால் அதைக் கடந்துபோகாதீர்கள். டாக்கரின் பிரிட்ஜ் நெட்வொர்க், விபிஎன், ரவுட்டரின் டிஎன்எஸ் ரீபைண்டிங் தடுப்பு (வெளிப் பெயர் ஒன்று வீட்டு முகவரியைக் காட்டினால் மறிக்கும் பாதுகாப்பு) ஆகியவை இப்படிக் குழப்பும். ரிமோட்டுக்கு வைத்த பிட்ரேட் வரம்பு வீட்டுக்குள்ளேயே அமலாகும். பிளெக்ஸ் நேர்வழி கிடைக்காமல் ரிலே, அதாவது பிளெக்ஸ் நிறுவனத்தின் சர்வர், வழியே போனால் உச்ச வேகம் 1 எம்பிபிஎஸ், சந்தா இருந்தால் 2. சர்வர் அமைப்பில் வீட்டு நெட்வொர்க் முகவரிகளை எழுதிவைப்பது, டாக்கரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுவது இரண்டும் பெரும்பாலும் சரிசெய்யும்.

பஃபரிங்கையும் ஜட்டரையும் ஒன்றாகக் குழப்புவது

சுற்றும் வட்டம் வராமல், ஒலி தடையின்றி ஓட, கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் வெட்டி வெட்டி வந்தால் அது ஜட்டர், நெட்வொர்க் குறையல்ல. திரைப்படம் விநாடிக்கு 23.976 ஃபிரேம், டிவி 60 ஹெர்ட்ஸ். சமமாகப் பங்கிட முடியாததால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது, கண் அதைப் பிடித்துவிடுகிறது. ஆப்பிள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் ஃபிரேம் ரேட்டைப் பொருத்தும் அமைப்பை இயக்குங்கள். கோடி (Kodi) என்ற பிளேயர் செயலியில் டிஸ்பிளே ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் அமைப்பு உண்டு. இயக்கிய பிறகும் ஏறத்தாழ 42 விநாடிக்கு ஒருமுறை சரியாக ஒரு சின்னத் துள்ளல் வந்தால், பிளேயர் 23.976-க்குப் பதில் 24 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

டிஸ்கைப் பொறுத்தவரை, சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும், 80 எம்பிபிஎஸ் படத்துக்கு 10 மெகாபைட் போதும். எஸ்எஸ்டி வாங்கிப் படங்களை அதில் வைப்பது வீண் செலவு. தொடங்கும்போது மட்டும் பத்து விநாடி தாமதம் என்றால் தூங்கிய டிஸ்க் சுழல ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். டவுன்லோட், பேக்கப், முன்னோட்டப் படங்கள் உருவாக்கும் வேலை எல்லாம் படம் பார்க்கும் நேரத்தில் அதே டிஸ்கில் ஓடினால்தான் சிக்கல். அவற்றை அதிகாலைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு படம், அதுவும் எப்போதும் அதே நிமிடத்தில் நின்றால் மற்ற எதையும் தொடாதீர்கள். அந்த ஃபைலை லேப்டாப்புக்கு நகலெடுத்து விஎல்சியில் ஓட்டுங்கள். அங்கே சரியாக ஓடினால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் போட்டு ரீமக்ஸ் செய்து, அதாவது வெளிக்கூட்டை மட்டும் புதிதாக எழுதி, பாருங்கள். சில நிமிட வேலை, தரம் துளியும் குறையாது, ஒலியும் படமும் ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்ட ஃபைல்கள் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். விஎல்சியிலும் அதே இடத்தில் நின்றால் ஃபைலே பழுது. மூல புளூரே அல்லது டிவிடியிலிருந்து மறுபடி எடுப்பதுதான் வழி.