லீ-என்ஃபீல்டுக்கு ஐந்தைந்தாகத் தோட்டா கோப்பது எப்படி?

கனடாவில் உரிமம் எடுத்து, பழைய ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு எண் 4 வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஊர்க் காவல் நிலையங்களில் சிறுவயதில் பார்த்தோமே, அந்த ‘த்ரீ நாட் த்ரீ’யின் தம்பிதான். என்னுடையது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டொராண்டோ பக்கத்து லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதன் ஆய்வுக் கட்டடம் இன்று கலைக்கூடமாக மிசிசாகாவில் நிற்கிறது. பாதுகாப்பு வகுப்பில் படித்ததை மீண்டும் சொல்லப்போவதில்லை. நேராகத் தோட்டாவுக்கு வருவோம்.

முதலில்: தோட்டாப் பெட்டியில் ‘.303 பிரிட்டிஷ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவின் இஷாப்பூரில் செய்த 2ஏ1 துப்பாக்கி, தோற்றத்தில் அண்ணன் தம்பி போலவே இருக்கும். ஆனால் அது 7.62 தோட்டாவுக்கானது. துப்பாக்கியின் மேல் உள்ள முத்திரையைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, சார்ஜரில் கோப்பது. கைப்பேசி சார்ஜர் அல்ல. ஐந்து தோட்டாக்களின் அடிப்பகுதியைக் கவ்விப் பிடிக்கும் சிறு இரும்புத் தகடு. நான் சறுக்கியது இங்கேதான்.

இந்தத் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. முதல் நாள் சுடுதளத்தில் சார்ஜர் இல்லாமல் ஒவ்வொன்றாகத் திணித்தேன். மூன்றாவது தோட்டாவை போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் தண்டு) தள்ளவே இல்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். பின்னால் நின்ற பெரியவர் “கையை எடு” என்றார். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. தள்ளத் தள்ள இரண்டும் சேர்ந்து இறுகும். துப்பாக்கி முனையை இலக்கின் பக்கமே வைத்து, போல்டைப் பின்னிழுத்து, மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றித்தான் சரிசெய்தோம்.

ஒவ்வொன்றாகப் போட்டால், மேலே வரும் விளிம்பு எப்போதும் கீழுள்ளதற்கு முன்னால் இருக்க வேண்டும். சார்ஜரில் ராணுவ முறை வேறு: 1, 3, 5 தோட்டாக்களின் விளிம்பு தகட்டை ஒட்டி, 2, 4 அவற்றின் மேல் ஏறி. இப்படிக் கோத்தால் சார்ஜரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். வீட்டில் டம்மி தோட்டாவை வைத்து இருபது முறை பழகுங்கள்.

புதிதாக வரும் மெல்லிய சார்ஜர்கள் எனக்குப் பிடிக்கவில்லை. இறுக்கத்தில் கட்டைவிரல் நகம் போய்விடும். பழைய ராணுவச் சார்ஜர்களைத் தேடி வாங்குங்கள்.

மூன்றாவது: போல்டை முழுவதும் பின்னிழுத்து, சார்ஜரை அதற்கான பள்ளத்தில் நிறுத்தி, கட்டைவிரலைத் தோட்டாவின் அடிப்பக்கம் வைத்து ஒரே மூச்சில் அழுத்துங்கள். கூர்முனைப் பக்கம் அழுத்தினால் தோட்டாவின் மூக்கு உள்ளே குத்திக்கொள்ளும். இரண்டு சார்ஜர் போட்டால் பத்து, மேகசின் நிறைந்தது.

நான்காவது, கொண்டுபோவது. தோளில் மாட்டும் ராணுவப் பருத்திப் பட்டையில் ஐந்து பைகள். பைக்கு இரண்டு சார்ஜர், ஆக ஐம்பது தோட்டா. ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை. சட்டைப்பையில் உதிரியாகப் போட்டால் சில்லறையோடு சேர்ந்து மண்ணும் ஒட்டும். வண்டியில் போகும்போது துப்பாக்கி காலியாகவே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே போல்டைத் திறக்காதீர்கள். பழைய தோட்டா தாமதித்து வெடிக்கலாம். முனை இலக்கைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பொறுங்கள்.

பின்சேர்க்கை: குழலில் துரு ஏறியதாக இருவர் எழுதியிருந்தார்கள். பழைய ராணுவத் தோட்டாவின் பிரைமர் (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. சுட்ட அன்று மாலையே கொதிநீரைப் புனல் வைத்து ஊற்றி, உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் போடுங்கள்.

மறுபடியும் ஒன்று: தோல் பட்டையில் தோட்டாக்களை மாதக்கணக்கில் விட்டுவைத்தேன் என்று ஒருவர் படம் அனுப்பினார். பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. தோல் பட்டை அன்றைய பொழுதுக்கு மட்டும்.