சால்டரிங் இல்லாமல் ஒரு சின்தசைசர்

மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான சின்தசைசர் என்றதும் வயர்க் காடும் சால்டரிங் புகையும் கண்முன் வருகிறதா? காந்தத்தால் ஒட்டும் மின்னணுத் துண்டுகளைச் செய்த லிட்டில்பிட்ஸ் நிறுவனமும் ஜப்பானின் இசைக்கருவி நிறுவனமான கோர்க்கும் சேர்ந்து 2013-இல் கொண்டுவந்த சின்த் கிட்டில் அதெல்லாம் கிடையாது. மொத்தம் 12 மாட்யூல்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னத் துண்டுகள்; ஓரங்களில் காந்தம். பக்கத்தில் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். தவறாகத் திருப்பி வைத்தால் காந்தமே தள்ளிவிடும். இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பழையது வாங்கினால் காந்த முனைகளை உலர்ந்த துணியால் முதலில் துடைத்துவிடுங்கள்.

1. முதல் சத்தம்

நீல நிற பவர் மாட்யூலில் 9 வோல்ட் பேட்டரியை மாட்டுங்கள். அடுத்து ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர், கடைசியில் பச்சை நிற ஸ்பீக்கர். ஸ்பீக்கர் குமிழைக் குறைத்து வைத்துவிட்டு பவர் ஸ்விட்சைப் போடுங்கள். ஹெட்ஃபோன் என்றால் உடனே காதில் மாட்டாதீர்கள், இது கத்தும்!

ஆசிலேட்டரில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். சதுர அலையில் வைத்தால் குழல் போல, உள்ளே வெறுமையான ஒலி. ரம்பப்பல் அலையில் வைத்தால் கூர்மையான, கொஞ்சம் முரட்டு ஒலி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். செதுக்குவதற்கு அதில்தான் நிறைய இருக்கிறது.

2. கீபோர்டும் சுருதியும்

பவருக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவே கீபோர்டைச் செருகுங்கள். இனி கட்டை அழுத்தினால் ஸ்வரம் வரும். ஆனால் சுருதி சேர்ந்திருக்காது. முதல் கட்டையையும் கடைசிக் கட்டையையும் மாற்றி மாற்றி அழுத்தி, கீழ் ஸ-வும் மேல் ஸ-வும் சேரும்வரை ஆசிலேட்டரின் 'டியூன்' குமிழை மெல்லத் திருப்புங்கள். பொறுமை வேண்டும்; அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஓடிவிடும்.

3. ஃபில்டர்

ஒலியை வடிகட்டும் இந்த மாட்யூலை ஆசிலேட்டருக்குப் பின், ஸ்பீக்கருக்கு முன் வையுங்கள். நான் முதல் தடவை ஆசிலேட்டருக்கு முன்னால் வைத்துவிட்டு, குமிழைத் திருகித் திருகி விழித்தேன். காரணம் எளிது: கீபோர்டிலிருந்து வருவது ஒலி அல்ல, ஆசிலேட்டருக்குச் சுருதியைச் சொல்லும் மின்னழுத்தம். இந்த வரிசையில் ஒலி பிறப்பதே ஆசிலேட்டரில்தான். அதற்கு முன்னால் இருப்பவை கட்டளை இடுபவை, பின்னால் இருப்பவை ஒலியைச் செதுக்குபவை. இந்த ஒன்று பிடிபட்டால் கிட்டின் முக்கால்வாசி புரிந்த மாதிரிதான்.

'கட்டாஃப்' குமிழைக் குறைக்கக் குறைக்க, கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போல ஒலி மங்கும். 'பீக்' குமிழைக் கூட்டிவிட்டு மறுபடி கட்டாஃப்பைத் திருப்பிப் பாருங்கள்: 'வாவ்வ்' என்று வாய் திறந்து மூடும்.

4. தானாக வாசிக்க

கீபோர்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் சீக்வென்சர். அதன் நான்கு குமிழ்களும் நான்கு ஸ்வரங்கள். வேகத்தை வைத்துவிட்டால் சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஃபில்டருக்குப் பின் டிலே சேர்த்தால் எதிரொலி. 'ஃபீட்பேக்' குமிழை முழுக்கத் திருப்பினால் எதிரொலி அடங்காமல் பெருகிக்கொண்டே போகும், ஜாக்கிரதை.

5. கடல்

சரி, எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர், ரேண்டம், ஃபில்டர், ஸ்பீக்கர், இவ்வளவுதான். ரேண்டம் மாட்யூலின் ஸ்விட்சை 'நாய்ஸ்' பக்கம் தள்ளினால் வெறும் இரைச்சல். அப்புறம் கட்டாஃப் குமிழை மிக மெதுவாக ஏற்றுங்கள், இறக்குங்கள். அலை வந்து மணலில் உடைந்து திரும்பும்.