லத்தீன் கற்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீன் கற்கத் தொடங்கும் தமிழர் கையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகம்தான் இருக்கும். அதில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு லத்தீன் வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலமாக்கி, அப்புறம் தமிழில் புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் நமக்கு இருக்கும் பெரிய வசதியை இழந்துவிடுவோம். 'மிஹி ஃப்ராதெர் எஸ்த்' என்ற வாக்கியத்துக்கு ஆங்கிலப் புத்தகம் தனி விதி சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அது 'எனக்கு அண்ணன் இருக்கிறார்', அவ்வளவுதான். மிஹி என்றால் எனக்கு. 'வெனித்' என்றால் வருகிறான். 'வெனித்னெ' என்றால் வருகிறானா. வினைமுற்றுக்குள்ளேயே ஆள் அடங்கிவிடுவது, வினை பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது, பெயரின் கடைசி மாறி வேற்றுமை காட்டுவது எல்லாம் நாம் பிறந்ததிலிருந்து பேசிவரும் முறை.

இந்த ஒற்றுமையை அளவுக்கு மேல் நம்பினாலும் சிக்கல்தான். மேசை தமிழில் அஃறிணை, லத்தீனில் பெண்பால். பெயரடையும் அந்தப் பாலுக்கு ஏற்ப உருமாற வேண்டும். நம் 'நல்ல' எதற்கும் மாறாது என்பதால் தமிழருக்கு இது மறந்துகொண்டே இருக்கும். பெயரும் பெயரடையும் ஒரே ஓசையில் முடிந்தால் சரி என்று நினைப்பது இதன் மறுபக்கம். மாலுமியைக் குறிக்கும் 'நவ்த' பெண்பால் சொல்போல முடிந்தாலும் ஆண்பால். நல்ல மாலுமி 'பொனுஸ் நவ்த', 'பொன நவ்த' அல்ல.

வேற்றுமையை ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதும் கூடாது. அப்லேடிவ் என்ற ஒரே வேற்றுமை வாளால், நண்பனோடு, நகரத்திலிருந்து, நகரத்தில் ஆகிய நான்கையும் சொல்லும். லத்தீனுக்கு முந்தைய காலத்தில் தனித்தனியாக இருந்த வேற்றுமைகள் இதில் கலந்துவிட்டன. அதனால் 'அப்லேடிவ் என்றால் ஐந்தாம் வேற்றுமை' என்று எழுதி வைத்துக்கொண்டால் பத்து வரிக்குள் தடுமாறுவீர்கள்.

உருமாறும் விதத்தை வைத்துப் பெயர்ச்சொல்லுக்கு ஐந்து வகுப்பு, வினைக்கு நான்கு. அட்டவணைகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் வாசிப்பேன் என்று காத்திருப்பதுதான் தவறு. அப்படிக் காத்திருந்தவர்கள் பலர் மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். முதல் வாரத்திலிருந்தே நாலு வரியாவது வாசியுங்கள். சொல்லை மனப்பாடம் செய்யும்போது முதல் வடிவத்தோடு நிறுத்தாதீர்கள். அரசன் 'ரேக்ஸ்', அரசனுடைய என்றால் 'ரேகிஸ்'. வழி 'இதெர்', வழியினுடைய 'இதினெரிஸ்'. மரம் என்பது மரத்தை, மரத்தில் என்று ஆவதைப் போன்றதுதான் இது. 'ஃபெரோ' (சுமக்கிறேன்) மட்டும் தெரிந்தவர், அதன் இறந்தகாலமான 'துலீ'யைக் கண்டால் புதுச்சொல் என்றே நினைப்பார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, தமிழர் குறில் நெடிலை விட்டுவிட்டு லத்தீன் படிப்பது. பாடப்புத்தகங்களில் நெடில் உயிரின் மேல் சிறு கோடு இருக்கும். அதை அலங்காரம்போல நினைத்துப் பலர் தாண்டிப்போகிறார்கள். 'மாலும்' ஆப்பிள், 'மலும்' தீமை. 'ஓஸ்' வாய், 'ஒஸ்' எலும்பு. 'வெனித்' வருகிறான், 'வேனித்' வந்தான். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமானவன். எ, ஏ, ஒ, ஓ நான்குக்கும் தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு சுலபம்! நோட்டில் சொற்களைத் தமிழ் எழுத்திலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். ப, க ஆகியவற்றில் வல்லோசை, மெல்லோசை வேறுபாடு தெரியாது. அதற்கு மட்டும் ரோமன் எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பில் பழைய ரோமானிய முறை, தேவாலய முறை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

நீளம் தெரியாமல் கவிதைக்குள் போகவே முடியாது. லத்தீன் யாப்பு அசையின் கனத்தை எண்ணுகிறது. நம் நேர், நிரை கணக்கை அப்படியே போட்டால் உதைக்கும். ஒற்றில் முடியும் அசை அங்கே நெடில்போலக் கனமானது.

அடுத்த தவறு, கவிதை வரியைக் கலைத்து உரைநடை வரிசையில் அடுக்கிவிட்டு, புரிந்துவிட்டது என்று நகர்வது. ரோமானியக் கவிஞர் ஹொராஸ், பிர்ரா என்ற பெண்ணிடம் கேட்கும் வரி இது: 'க்விஸ் முல்தா கிரகிலிஸ் தே புவெர் இன் ரொஸா'. சொல் வரிசைப்படி: எந்த, ஏராளமான, மெலிந்த, உன்னை, இளைஞன், ரோஜாவில். 'முல்தா'வின் நெடில்தான் அது கடைசியில் உள்ள 'ரொஸா'வோடு சேரும் என்று காட்டுகிறது. இப்போது வரியைப் பாருங்கள். நடுவில் 'உன்னை'. அதன் இருபுறமும் மெலிந்த இளைஞன். அவனுக்கு இருபுறமும் ரோஜாக்கள். அவன் அவளை அணைத்திருப்பதைச் சொற்களின் இடமே காட்டிவிடுகிறது. கலைத்து அடுக்கினால் அணைப்பு போய்விடும்.

வரலாற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதைக் கடைசியாகச் சொல்கிறேன். ஹொராஸின் இன்னொரு பாட்டு 'நுங்க் எஸ்த் பிபெந்தும்' என்று தொடங்கும். இப்போது குடித்தாக வேண்டும், 'பெதெ லீபெரோ', சுதந்திரமான பாதத்தால் நிலத்தை மிதித்து ஆட வேண்டும். இலக்கணம் மட்டும் தெரிந்தவருக்கு இது குடிப்பாட்டு. கிமு 31இல் ஆக்டியம் கடற்போரில் தோற்று, அடுத்த ஆண்டு அலெக்சாண்டிரியாவில் இறந்துபோன எகிப்து அரசி கிளியோபாத்ராவைப் பற்றியது என்று தெரிந்தால்தான் அந்த 'லீபெரோ' அவளைப் பற்றிய அச்சத்திலிருந்து ரோமுக்குக் கிடைத்த சுதந்திரம் என்று புரியும். (எகிப்து ரோமின் கைக்கு வந்த பிறகுதான் செங்கடல் வழியாக நம் பக்கம் மிளகு வாங்க வந்த கப்பல்களும் பெருகின.) பாட்டில் அவள் பெயர் இல்லை. அவளோடு சேர்ந்து போரிட்ட ரோமானியத் தளபதி ஆண்டனியின் பேச்சே இல்லை. ரோமானியர் ரோமானியரோடு மோதியதைக் கவிஞர் சொல்ல விரும்பவில்லை.

முதலில் அவளைப் பழிக்கும் பாட்டு, போகப் போக அவளை வியக்கத் தொடங்குகிறது. அதன் கடைசிச் சொல் 'திரியும்ஃபோ'. அகராதியைப் பார்த்து 'வெற்றி' என்று எழுதிவிட்டால் முடிவு பிடிபடாது. திரியும்ஃபுஸ் என்பது வென்ற தளபதி ரோம் வீதிகளில் நடத்தும் ஊர்வலம். தோற்ற அரசர்களைச் சங்கிலியிட்டு அதில் நடத்திச் செல்வார்கள். கிளியோபாத்ரா அந்த ஊர்வலத்தில் நடக்க மறுத்துச் சாவைத் தேர்ந்துகொண்டாள். அவளை வென்றவரின் பக்கம் நின்ற கவிஞர், அந்தச் சொல்லுக்குச் சற்று முன்னால் அவளை 'தாழ்ந்தவள் அல்லாத பெண்' என்கிறார்.